மூன்று லைன், எட்டு மேசை: வெளி லைன்களை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்படி அமைப்பது எப்படி?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த விற்பனைக் கடை. பிஎஸ்என்எல் லைன் மூன்று, பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 இபிஏபிஎக்ஸ் (வெளி லைன்களைக் கடைத் தொலைபேசிகளோடு இணைக்கும் பெட்டி) ஒன்று, எட்டு மேசையிலும் சாதாரணத் தொலைபேசி. முன்மேசையில் எடுத்த அழைப்பைக் கிடங்குக்கு மாற்றும்போது பாதி அழைப்புகள் அறுந்துவிடுகின்றன. எந்த லைனில் யார் பேசுகிறார்கள் என்பதும் தெரிவதில்லை. மூன்று லைனும் எல்லா மேசையிலும் விளக்கோடு தெரிய வேண்டும். யார் வேண்டுமானாலும் பொத்தானை அழுத்தி எடுக்க வேண்டும். புதிதாக ஐபி பெட்டி (கணினி வலையமைப்பு வழியாக இயங்கும் வகை) வாங்க வேண்டுமா?

பதில்:

புதுப் பெட்டி வேண்டியதில்லை. உங்களிடம் இருப்பது மூன்று வெளி லைனும் எட்டு எக்ஸ்டென்ஷனும் (உள் இணைப்பு) கொண்டது; அட்டை சேர்த்தால் 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை வளரும். நீங்கள் கேட்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. குறை இருப்பது தொலைபேசிகளில். சாதாரணத் தொலைபேசியில் விளக்கும் இல்லை, லைன் பொத்தானும் இல்லை. பெட்டிக்குத் தெரிந்த செய்தியை மேசைக்குக் கொண்டுவர அங்கே வழியே இல்லை. அந்தப் பெட்டிக்கென்றே வந்த கேஎக்ஸ்-டி7730 போன்ற தொலைபேசிகளில் 12 பொத்தான்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் விளக்கு உண்டு. மேசையில் அதை வைத்தால் உங்கள் கேள்வியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஆனால் அதை வாங்கி மாட்டுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள். வெளி லைன்களைக் கையாள இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்றில் ஆட்களுக்கு எண் உண்டு. முன்மேசை 101, கிடங்கு 105 என்றால் அழைப்பு ஆளிடமிருந்து ஆளுக்கு மாற்றப்படும். லைன் எது என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மற்றதில் லைன்தான் நடுவில் நிற்கும். அழைப்பு இரண்டாவது லைனில் வந்தால் முடியும்வரை இரண்டாவது லைனிலேயே இருக்கும். ஆட்கள்தான் அந்த லைனுக்கு வந்து போவார்கள். அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1960களில் பரப்பிய 1ஏ2 என்ற அமைப்பு இரண்டாவது வகை. ஒவ்வொரு மேசைக்கும் 25 ஜோடிக் கம்பி கொண்ட தடித்த கேபிள் போகும். லைன் ஒலித்தால் விளக்கு மெதுவாக மின்னும், யாராவது பேசினால் நிலையாக எரியும், ஹோல்டில் இருந்தால் (அழைப்பவரைக் காக்க வைத்திருந்தால்) வேகமாகத் துடிக்கும். இன்றைக்கும் எந்த நிறுவனத்தின் தொலைபேசியை எடுத்தாலும் லைன் பொத்தானின் அடிப்படை இந்த மூன்று நிலைகள்தான்; மின்னும் வேகம் மட்டும் மாறலாம்.

மூன்று லைன், எட்டு மேசை, ஒரே கூரை, ஒருவர் குரல் கொடுத்தால் அடுத்தவருக்குக் கேட்கும் தூரம் என்றால் இரண்டாவது முறை மிகவும் பொருந்தும். ‘இரண்டாவது லைனில் சூரத்காரர் காத்திருக்கிறார்’ என்று சொன்னால் போதும். கிடங்கில் இருப்பவர் துடிக்கும் பொத்தானை அழுத்துவார், பேச்சு தொடரும். மாற்றுவது என்ற வேலையே இல்லாததால் மாற்றும்போது அறுந்துபோகும் பேச்சுக்கும் இடமில்லை. நான்கைந்து லைன்வரை இது நன்றாக ஓடும். அதற்கு மேல் போனால் எந்த விளக்கில் யார் என்று நினைவில் வைத்துக்கொள்ள ஆள் திணறுவார். அப்போது முதல் முறைக்கு மாறுவது நல்லது. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்து வைத்துவிட்டு, சில அழைப்பை ஹோல்டில் போட்டுக் குரல் கொடுப்பது, சில அழைப்பை எண் அழுத்தி மாற்றுவது என்று நடத்தும் கடைகளில்தான் குழப்பம் அதிகம். வெளி அழைப்புக்கு ஒரே வழக்கம் என்று கடையில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் எண் உள்ளுக்குள் பேச மட்டும்.

இனி கம்பி. சாதாரணத் தொலைபேசிக்கு இரண்டு கம்பி போதும். 7730 வகைக்கு நான்கு வேண்டும்: இரண்டு குரலுக்கு, இரண்டு விளக்கு, பொத்தான் ஆகியவற்றின் தகவலுக்கு. சுவருக்குள் ஏற்கெனவே இரண்டு ஜோடி கேபிள் போயிருந்தால் முனைகளை மட்டும் மாற்றினால் போதும். ஒரே ஜோடிதான் என்றால் புதிதாக இழுக்க வேண்டியிருக்கும். எட்டு மேசைக்கும் விலை அதிகம் என்று தோன்றினால் முன்மேசை, முதலாளி, கணக்கு, கிடங்கு, சரக்கு அனுப்பும் இடம் என்று ஐந்துக்கு மட்டும் 7730 வைத்து, மூன்றைச் சாதாரணமாகவே விடலாம். உங்கள் பெட்டியின் முதல் எட்டு இணைப்பும் இரண்டு வகையையும் ஏற்கும். நாளை விரிவாக்க அட்டை வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். கேஎக்ஸ்-டிஇ82474 என்ற எட்டு இணைப்பு அட்டை சாதாரணத் தொலைபேசிக்கு மட்டுமானது. அதில் 7730 மாட்டினால் வேலை செய்யாது. லைன் பொத்தான் உள்ள தொலைபேசி வேண்டுமென்றால் 82480 அல்லது 82483 என்று கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் ‘எட்டு எக்ஸ்டென்ஷன் அட்டை’ என்று மட்டும் சொல்லி விற்றால் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பெட்டியைத் தொடும் முன் ஒவ்வொரு லைனையும் தனியாகச் சோதியுங்கள். சாதாரணத் தொலைபேசி ஒன்றைப் பெட்டிக்கு வரும் கம்பியில் நேராக மாட்டி, உங்கள் கைபேசிக்கு அழையுங்கள். திரையில் விழும் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்தக் கம்பியிலேயே ஒட்டுங்கள். பல கடைகளில் லைன் 1 என்று சொல்லப்படுவது மூன்றாவது துளையில் மாட்டப்பட்டிருக்கும். எந்த லைனைப் பற்றிப் புகார் எழுதுகிறோம் என்பதே தெரியாமல் போவது இதனால்தான். விளம்பரப் பலகையிலும் பில்லிலும் அச்சாகியிருக்கும் எண் எதுவோ, அது முதல் துளையில் இருக்கட்டும். மீட்டர் இருந்தால் மின்னழுத்தமும் பாருங்கள்: தொலைபேசி எடுக்காதபோது ஏறக்குறைய 48 வோல்ட், எடுத்தவுடன் பத்து வோல்ட் அளவுக்குச் சரியும். எடுக்காமலேயே குறைவாகக் காட்டினால் லைனில் ஈரமோ கசிவோ இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பெட்டியில் எதை மாற்றியும் பயனில்லை.

இந்தச் சோதனையின்போது இன்னொன்றையும் தேடிப் பிடியுங்கள். பெட்டிக்கு வரும் வழியிலேயே யாராவது ஒரு தொலைபேசியைப் பாரலெல்லாக மாட்டியிருக்கிறார்களா? கல்லாவில், மாடி வீட்டில், ஃபேக்ஸ் எந்திரத்தில் என்று அது ஒளிந்திருக்கும். பெட்டியைத் தாண்டிப் போகும் பேச்சை மட்டுமே பெட்டி அறியும். அதற்கு முன்னாலேயே பிரிந்த தொலைபேசியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் எல்லா மேசையிலும் அந்த விளக்கு அணைந்தே இருக்கும். லைன் காலி என்று நினைத்துப் பொத்தானை அழுத்துபவர் நேராக அந்தப் பேச்சுக்குள் நுழைவார். முதலாளியின் குடும்பப் பேச்சு கிடங்கில் கேட்பது இப்படித்தான். பாரலெல் இணைப்புகளை வெட்டி, அந்தத் தொலைபேசிகளைப் பெட்டியின் எக்ஸ்டென்ஷனாக மாற்றிவிடுங்கள். விளக்கை நம்பி வேலை செய்யும் அமைப்பில் விளக்கு ஒருமுறை பொய் சொன்னாலும் ஆட்கள் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

இப்போது அமைப்பு. நிரலாக்கக் குறியீடுகள் உங்கள் பெட்டியோடு வந்த கையேட்டில் இருக்கின்றன. கணினியில் பராமரிப்பு மென்பொருளை நிறுவி யுஎஸ்பி கம்பி வழியாக இணைத்தால் எல்லாவற்றையும் திரையிலேயே பார்த்து மாற்றலாம், அதுவே எளிது. முதல் வேலை, காலியாக இருக்கும் லைன் துளைகளை ‘இணைக்கப்படவில்லை’ என்று குறிப்பது. மூன்றில் ஒரு லைன் பழுதாகி வெட்டப்பட்டிருந்தாலும் இதைச் செய்யுங்கள். செய்யாவிட்டால் வெளி லைனுக்காக 0 அழுத்தும் சாதாரணத் தொலைபேசிக்குப் பெட்டி சில நேரம் அந்தச் செத்த துளையைக் கொடுத்துவிடும். காதில் மௌனம்தான் கேட்கும்.

அடுத்து ஒலிக்கும் அட்டவணை. எந்த லைன் வந்தால் எந்தத் தொலைபேசி ஒலிக்க வேண்டும் என்பதை லைன் வாரியாக, பகல், இரவு, மதிய இடைவேளை என்று மூன்று தனி நேரங்களுக்குக் குறிக்கலாம். எட்டுத் தொலைபேசியும் ஒரே நேரத்தில் அலறினால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் எடுப்பார் என்று இருப்பார்கள். முன்மேசை உடனே ஒலிக்கட்டும். கணக்குப் பிரிவும் சரக்கு அனுப்பும் இடமும் 10 வினாடி கழித்து ஒலிக்கட்டும். இந்தத் தாமத ஒலிப்பு உங்கள் பெட்டியில் உண்டு. கிடங்கும் முதலாளி அறையும் ஒலிக்கவே வேண்டாம். அங்கே விளக்கு மின்னினால் போதும். ஒலிக்காத மேசையிலும் விளக்கு தெரியும், அழுத்தி எடுக்கலாம் என்பதுதான் லைன் பொத்தானின் பெரிய வசதி. இரவு நேரத்துக்குக் காவலாளி இருக்கும் இடம் மட்டும். மதிய நேரத்தைப் பல கடைகள் தொடுவதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் முன்மேசை காலியாக இருக்குமென்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் பிரிவை உடனடி ஒலிப்பில் வைப்பது வாடிக்கையாளரைக் காப்பாற்றும்.

பொத்தான்களை அமைக்கும்போது ஒரு பொத்தானுக்கு ஒரு லைன் என்று வையுங்கள். ‘எந்த லைன் காலியோ அது’ என்று பொருள்படும் பொத்தானும் வைக்கலாம், ஆனால் அது நீங்கள் கேட்கும் முறைக்கு எதிரானது. எல்லா மேசையிலும் லைன் 1 முதல் பொத்தான், லைன் 2 இரண்டாவது, லைன் 3 மூன்றாவது. ஒரு மேசையில்கூட இது மாறக் கூடாது. விளக்கின் நிறமும் உதவும்: பச்சை என்றால் அந்த லைன் உங்கள் கையில், சிவப்பு என்றால் வேறொருவர் கையில், மெதுவாக மின்னினால் ஹோல்டில் இருக்கிறது. ஆக, மெதுவாக மின்னும் சிவப்பு என்பது ‘வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார், நீங்கள் எடுக்கலாம்’ என்று பொருள். உங்கள் கடைக்கு வேண்டியது இந்த ஒரு விளக்குதான். புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதலில் இதைக் காட்டுங்கள்.

ஹோல்டில் இரண்டு வகை இருக்கிறது. ஹோல்டு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டுமுறை அழுத்தினால் வைத்தவர் மட்டுமே எடுக்க முடியும். பதற்றத்தில் பொத்தானை இரண்டு தட்டு தட்டுபவர்கள் எல்லாக் கடையிலும் இருக்கிறார்கள். ‘லைன் மின்னுகிறது, ஆனால் எடுக்க வரவில்லை’ என்ற புகார் வந்தால் பெட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் யார் ஹோல்டில் வைத்தார், எத்தனை தட்டுத் தட்டினார் என்று கேளுங்கள். ஹோல்டில் மறந்துபோன அழைப்பு வைத்தவரிடமே திரும்ப ஒலிக்கும் நேரத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். மொத்த வியாபாரத்தில் ஒரு நிமிடம் காத்திருப்பவர் இரண்டாவது நிமிடத்தில் அடுத்த கடைக்கு அழைத்துவிடுவார்.

சாதாரணத் தொலைபேசி வைத்திருக்கும் மூன்று மேசையும் ஹோல்டில் உள்ள அழைப்பை எடுக்கலாம், குறியீட்டு எண் அழுத்தி. விளக்கு இல்லாததால் எந்த லைன் என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவற்றில் ஃப்ளாஷ் பொத்தானின் (லைனை ஒரு கணம் மட்டும் துண்டித்துப் பெட்டிக்குச் சைகை தரும் பொத்தான்) கால அளவைப் பாருங்கள். தொலைபேசியின் அடியில் 100, 300, 600 மில்லிவினாடி என்று சிறு சுவிட்ச் இருக்கும். தொலைபேசியின் ஃப்ளாஷ் ஒரு அளவு, பெட்டி எதிர்பார்ப்பது வேறு அளவு என்றால் ஹோல்டில் போகாமல் அழைப்பே அறுந்துவிடும். இப்போது உங்கள் கடையில் பாதி அழைப்பு அறுவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். 7730 வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே சரிபார்க்கலாம்.

ஒருவர் பேசும்போது இன்னொருவர் அதே லைன் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? உங்கள் பெட்டியில் இயல்பாகவே உள்ளே நுழைய முடியாது. குறுக்கே நுழையும் அனுமதியை எக்ஸ்டென்ஷன் வாரியாகத் தரலாம். முதலாளிக்கு மட்டும் தாருங்கள், அதுவும் உண்மையில் தேவை இருந்தால். விலை பேசும் அழைப்பில் மூன்றாமவர் மூச்சு கேட்டால் எதிர்முனைக்காரர் அடுத்த முறை கைபேசிக்குத்தான் அழைப்பார்.

உள்ளே வரும் அழைப்பு அடுத்த லைனுக்குத் தாவுவதைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் பலகையில் உள்ள முதல் எண்ணைத்தான் அழைப்பார்கள். அது பேச்சில் இருந்தால் தானாக இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தாவ வேண்டும். இதை உங்கள் பெட்டி செய்யாது; அழைப்பு பெட்டிக்கு வருவதற்கு முன்னால் தொலைபேசி நிலையத்திலேயே நடக்க வேண்டிய வேலை இது. ஹண்டிங் வசதி வேண்டும் என்று மூன்று எண்ணையும் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். அது கிடைக்காத இணைப்பு என்றால், முதல் எண் பேச்சில் இருக்கும்போது இரண்டாவதற்குத் திருப்பும் வசதியையாவது கேளுங்கள். இது இல்லாமல் மூன்று லைன் வைத்திருந்தும் வாடிக்கையாளருக்குக் கடையில் ஒரே லைன்தான் இருக்கிறது.

அதனால்தான் வெளியே பேசுபவர்கள் கடைசி லைனிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். முதலில் லைன் 3, அது இல்லாவிட்டால் 2, வேறு வழியே இல்லாதபோது 1. முதல் எண் எப்போதும் வருபவருக்குக் காலியாக இருக்கும். இன்னொரு பலனும் உண்டு. நிலையம் ஒரு லைனுக்கு அழைப்பை அனுப்பத் தொடங்கிய கணத்துக்கும் உங்கள் பெட்டி முதல் மணியை உணரும் கணத்துக்கும் இடையில் சிறு இடைவெளி இருக்கிறது. அழைப்பவர் எண்ணை முதல் மணிக்கு முன்பாகவே டிடிஎம்எஃப் (பொத்தான் ஒலி) முறையில் அனுப்பும் லைன்களில் அந்த இடைவெளி இன்னும் நீளும். அந்த நேரத்தில் விளக்கு அணைந்தே இருக்கும். ஒருவர் வெளியே பேச அந்த லைனை எடுத்தால் டயல் டோனுக்குப் பதில் ‘ஹலோ’ என்ற குரல் கேட்கும். வருபவை 1-லிருந்து ஏற, போகிறவை 3-லிருந்து இறங்க, இந்த மோதல் அரிதாகிவிடும். ஆட்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்றால் லைன் 1-இல் வெளியே பேசும் அனுமதியை முன்மேசைக்கு மட்டும் வைத்து மற்ற மேசைகளில் எடுத்துவிடுங்கள். வெளியே பேசும் அட்டவணையும் ஒலிக்கும் அட்டவணையும் தனித்தனி.

0 பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். சாதாரணத் தொலைபேசியில் வெளி லைன் எடுக்கவும் 0 என்று வைத்திருந்தால், கைபேசிக்கு இரண்டு 0 அழுத்த வேண்டும். லைன் பொத்தான் உள்ள தொலைபேசியில் பொத்தானை அழுத்தியதும் நேராக வெளி டயல் டோன்; அங்கே ஒரே ஒரு 0. இருவரும் ஒரே தாளைப் பார்த்து அழுத்தினால் ஒருவருக்குத் தவறாகும். தாளில் ‘லைன் எடுத்தபின்’ என்று தலைப்பிட்டு எண்களை எழுதுங்கள். பழைய அமைப்பில் சில மேசைகளுக்கு எஸ்டிடி போகாமல் இருக்க 0-வைத் தடுத்து வைத்திருப்பார்கள். அந்தத் தடை இப்போது எல்லாக் கைபேசி அழைப்பையும் சேர்த்துத் தடுக்கும். அதை எடுத்துவிட்டு 00 என்று தொடங்கும் வெளிநாட்டு அழைப்புகளை மட்டும் தடுங்கள். 108, 112 இரண்டும் எந்த மேசையிலிருந்தும், எந்த லைனிலிருந்தும் போக வேண்டும். தடை அட்டவணையில் இவை சிக்கவில்லை என்பதைப் பாருங்கள்.

பெட்டியின் நிரலாக்கக் கடவுச்சொல் ஆலையிலிருந்து வரும்போது 1234. கையேட்டிலேயே அச்சாகியிருப்பதால் உலகத்துக்கே தெரிந்தது. இன்றைக்கே மாற்றுங்கள். வெளியிலிருந்து அழைப்பவர் பெட்டி வழியாக மறுபடி வெளியே அழைக்கும் டிசா வசதியின் அந்தப் பகுதியை மூடிவையுங்கள். திறந்த டிசா வழியாக இரவோடு இரவாக வெளிநாட்டு அழைப்புகள் போவது உலகமெங்கும் நடக்கும் திருட்டு. இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு வெளி லைன்கள் பெட்டிக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்போது பேச்சு முடிந்ததைப் பெட்டி தானாகக் கண்டுபிடித்தாக வேண்டும். லைனில் அதற்கான மின் அடையாளம் வராவிட்டால் பிஸி டோனைக் கேட்டுத்தான் அறியும். நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் வினாடி ஒலி, முக்கால் வினாடி மௌனம். வேறு நாட்டு அளவு பதிந்த பெட்டியில் லைன் மணிக்கணக்கில் சிக்கிக் கிடக்கும், எல்லா மேசையிலும் விளக்கு வீணாக எரியும்.

ஐபி பெட்டி பற்றிக் கேட்டீர்கள். நாளை மாறுவதாக இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. கிராண்ட்ஸ்ட்ரீம் யூசிஎம் வகைப் பெட்டிகளில் அனலாக் (சாதாரணக் கம்பி) லைனுக்கு எஸ்எல்ஏ என்ற பகிர்வு முறை இருக்கிறது. அதன் வேர் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசிப் பெட்டி மென்பொருளில். ஆஸ்டரிஸ்கில் பகிர்ந்த லைன் என்பது உள்ளே ஒரு மாநாட்டு அறை. வெளி லைன் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும். பொத்தானை அழுத்தும் ஒவ்வொருவரும் அந்த அறைக்குள் வருவார்கள். ஆகவே அங்கே குறுக்கே நுழைவது இயல்பாகவே அனுமதிக்கப்பட்டிருக்கும், உங்கள் பானசோனிக்குக்கு நேர்மாறாக. முதலில் அதை அணைத்து வையுங்கள். ஹோல்டு திறந்ததாக, அதாவது யாரும் எடுக்கக் கூடியதாக இருப்பது இயல்பு. அதை அப்படியே விடுங்கள். பகிர்வு முறைக்கு மாற்றிய லைனை வேறு வேலைக்கு, அதாவது தானியங்கி வரவேற்புக் குரலுக்கோ வழக்கமான வெளி அழைப்பு வழிக்கோ, பயன்படுத்தக் கூடாது. அரைகுறையாகப் பகிர்வது அங்கே நடக்காது.

ஐபி தொலைபேசியில் விளக்கு எரிவது கம்பியால் அல்ல. தொலைபேசி பெட்டியிடம் ‘இந்த லைனின் நிலை மாறினால் எனக்குச் சொல்’ என்று பதிவு செய்துகொள்கிறது. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4235 என்ற இணையத் தர ஆவணம் அந்தச் செய்தியின் வடிவத்தை வகுத்தது. பகிர்ந்த லைனுக்கென்றே 2015-இல் ஆர்எஃப்சி 7463 வந்தது. ஆனால் தொலைபேசி நிறுவனங்கள் பல அதற்கு முன்பே தங்கள் வழியில் செய்துவிட்டன. ஒரு நிறுவனத் தொலைபேசியும் இன்னொரு நிறுவனப் பெட்டியும் சேரும்போது பேச்சு நன்றாக இருக்கும், விளக்கு மட்டும் எரியாது. வாங்கும் முன் ஒரே ஒரு தொலைபேசியை மாட்டி ஹோல்டு விளக்கைக் கண்ணால் பாருங்கள். பெட்டியை அணைத்துப் போட்டபின் விளக்குகள் செத்துக் கிடந்தால் பதிவு இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. தொலைபேசிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சிப் டிரங்க் (இணையம் வழியாக வரும் வெளி இணைப்பு) வாங்கினால் கதையே வேறு. அங்கே லைன் 1, லைன் 2 என்று எதுவும் கிடையாது; ஒரே எண்ணில் மூன்று பேச்சு ஒரே நேரத்தில் நடக்கும், அவ்வளவுதான். இல்லாத லைன்களுக்குப் பொத்தான் செய்ய முயல்வதைவிட, ஒவ்வொரு தொலைபேசியிலும் மூன்று பார்க் பொத்தான்களை (அழைப்பைப் பொது இடத்தில் நிறுத்தி வைப்பவை) வையுங்கள். அழைப்பைப் பார்க் 2-இல் விட்டுக் குரல் கொடுங்கள். கிடங்கில் மின்னும் பொத்தானை அழுத்தி எடுப்பார்கள். ஆட்களுக்குப் பழக்கம் ஒன்றுதான், அமைப்பு பல மடங்கு எளிது. என்னைக் கேட்டால் ஐபிக்கு மாறும் சிறு கடைகள் எல்லாவற்றுக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். அனலாக் லைன்களையே வைத்துக்கொள்ளும் கடைக்கு மட்டுமே எஸ்எல்ஏ.

மின்சாரம் போனால் உங்கள் 824 பெட்டி லைன் 1-ஐ நேராக முதல் எக்ஸ்டென்ஷனோடு இணைத்துவிடும். அது உதவ வேண்டுமென்றால் முதல் இணைப்பில் சாதாரணத் தொலைபேசி இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத பெட்டியில் 7730 வெறும் பிளாஸ்டிக். எல்லா மேசைக்கும் புதுத் தொலைபேசி வாங்கும் உற்சாகத்தில் முதல் இணைப்பிலும் அதையே மாட்டிவிடுவார்கள். காவலாளி இருக்கும் இடத்தின் சாதாரணத் தொலைபேசியை முதல் இணைப்புக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் லைன்கள் ஃபைபர் வழியாக வருபவை என்றால் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். அதையும் இபிஏபிஎக்ஸையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். செம்புக் கம்பி என்றால், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் குரோன் பட்டையில் (லைன் கம்பிகள் வந்து சேரும் இணைப்புப் பட்டை) மின்னல் தடுப்புகள் இருக்கின்றனவா, பெட்டிக்கு முறையான எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். முற்றத்தைத் தாண்டிக் கிடங்குக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் கம்பிக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். வெளி லைனுக்குத் தடுப்பு போட்டுவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். இடி அந்த வழியாக வந்து அட்டையைக் கருக்கிவிடுகிறது.

சோதனையைக் கடை மூடியபின் இரண்டு கைபேசிகளோடு செய்யுங்கள். முதல் எண்ணுக்கு ஒரு கைபேசியிலிருந்து அழைத்து, எடுத்து, ஹோல்டில் வையுங்கள். மெதுவாக மின்னும் சிவப்பு எல்லா மேசையிலும் அதே இடத்தில் தெரிகிறதா என்று நடந்து பாருங்கள். கிடங்கில் எடுங்கள். அது பேச்சில் இருக்கும்போதே மற்றக் கைபேசியிலிருந்து மறுபடி முதல் எண்ணுக்கே அழையுங்கள். இரண்டாவது விளக்கு மின்ன வேண்டும். மின்னாவிட்டால் ஹண்டிங் இன்னும் வரவில்லை. ஹோல்டில் இருக்கும்போது கைபேசியில் அழைப்பைத் துண்டித்துவிட்டு, லைன் விளக்கு எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று பாருங்கள். அணையவே இல்லை என்றால் பேச்சு முடிந்ததை லைன் தெரிவிக்கவில்லை. ஹோல்டு திரும்ப ஒலிக்கும் நேரத்தை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். கடைசியாக இபிஏபிஎக்ஸை மட்டும் யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி, முதல் இணைப்பிலிருந்து லைன் எடுக்கும் 0 இல்லாமல் நேராக வெளியே அழைத்துப் பாருங்கள்.

சுவர் கேபிளில் ஒரு ஜோடி போயிருக்கிறதா இரண்டா, லைன்கள் செம்பிலா ஃபைபரிலா, எட்டில் எந்தெந்த மேசைக்கு 7730 வாங்கப் போகிறீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். ஒலிக்கும் அட்டவணையையும் வெளியே பேசும் அட்டவணையையும் உங்கள் மேசைப் பெயர்களோடு நானே நிரப்பித் தருகிறேன்.